கப்பலேறிய பூனை: மரபணு காட்டும் உலகப் பயணம்

அகழாய்வுக் குழியில் ஒரு பூனையின் தாடையெலும்பு கிடைத்தால், அது வீட்டில் வளர்ந்த பூனையா காட்டில் திரிந்த பூனையா என்று எலும்பை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். ஆடு, மாடு, நாய் ஆகியவை மனிதரோடு வாழத் தொடங்கியபின் உடல் சிறுத்தன; கொம்பின் வடிவம் மாறியது; முகவாய் குறுகியது. தொல்விலங்கியலாளர்கள் அந்த மாற்றங்களைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கணித்தார்கள். பூனையோ ஏறத்தாழ அப்படியே இருந்துவிட்டது. காட்டு உறவுகளுக்கும் அதற்கும் எலும்பில் தெரியும் வேற்றுமை மிகக் குறைவு. அதனால் வீட்டுப் பூனை எங்கே தோன்றியது, எப்போது, எந்த வழியாக உலகெங்கும் பரவியது என்ற கேள்விகளுக்கு விடை தேடும் பொறுப்பு மரபியலிடம் வந்து சேர்ந்தது.

இந்தத் துறையில் கடந்த 20 ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் ஒன்றையொன்று வளர்த்தும் திருத்தியும் வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: பூனைகள் மனிதக் குடியிருப்பை நெருங்கியது பல இடங்களில், பலமுறை நடந்தது. ஆனால் இன்று உலகை நிறைத்திருக்கும் வீட்டுப் பூனை ஒரே காட்டு மரபிலிருந்து, நாம் எண்ணியிருந்ததைவிடப் பிந்தி, பெரும்பாலும் வணிகர்களோடும் படைகளோடும் பயணம் செய்து பரவியது.

தெருவில் நின்று எண்ணியவர்கள்

டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவிகள் வருவதற்கு முன்பே பூனையின் இனக்கூட்ட மரபியல் தொடங்கிவிட்டது. பூனையின் நிறமும் கோடுகளும் தனித்தனி மரபணுக்களால் அமைபவை. தெருவில் நின்று பார்த்தாலே எந்த மரபணு எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிடலாம். ஏ.ஜி. சர்ல் லண்டன் பூனைகளை இப்படி எண்ணி 1949இல் 'ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்' இதழில் எழுதினார். அதன் ஆசிரியர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இல் இந்தியாவில் குடியேறியபோது இதழும் அவரோடு வந்தது. சிங்கப்பூர்ப் பூனைகளைப் பற்றி சர்ல் எழுதிய கட்டுரை 1959இல் அதே இதழில் வெளிவந்தது.

இந்தத் தரவுகளைத் திரட்டிப் பெரிய சித்திரமாக்கியவர் நீல் டாட். 1977இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் பூனைகளையும் வணிகத்தையும் இணைத்து அவர் எழுதினார். உடலின் பக்கவாட்டில் அகன்ற சுழிகளாக ஓடும் கோட்டு வகை பிரிட்டனில் மிகுதி. அங்கிருந்து விலகிச் செல்லச் செல்லக் குறைகிறது. ஆனால் பிரிட்டிஷார் குடியேறிய கடல்கடந்த ஊர்களில் மறுபடியும் தலைகாட்டுகிறது. குடியேறியவர்களின் கப்பலில் போன பூனைகள் தம் ஊரின் மரபணு விகிதத்தையும் எடுத்துச் சென்றிருக்கின்றன.

பின்னாளில் மூலக்கூறு ஆய்வுகள் இந்த வழிக்கு வலுச்சேர்த்தன. சுழிக் கோட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் 2012இல் கண்டறியப்பட்டது. சில சிவிங்கிப்புலிகளின் உடலில் திட்டுகள் இணைந்து பட்டைகளாவதும் அதே மரபணுவில் நேரும் மாற்றத்தால்தான். செம்பழுப்பு நிறத்தின் காரணம் 2025இல்தான் பிடிபட்டது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியே தேடி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: எக்ஸ் குரோமோசோமில் ஏறத்தாழ 5,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு விடுபட்டிருப்பதே காரணம். எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் கறுப்பும் செம்பழுப்பும் கலந்த பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருக்கின்றன. வெவ்வேறு நாட்டுச் செம்பழுப்புப் பூனைகளிடம் அதே துண்டு விடுபட்டிருப்பதால், அந்த மாற்றம் ஒரே ஒருமுறை நிகழ்ந்து பின்பு உலகெங்கும் பயணப்பட்டது என்று கொள்ளலாம்.

ஐந்து காட்டுக் கிளைகள்

வீட்டுப் பூனையின் மூதாதை யார் என்பதற்கு உறுதியான முதல் விடை 2007இல் கிடைத்தது. கார்லோஸ் டிரிஸ்கலும் அவர் குழுவினரும் மூன்று கண்டங்களிலிருந்து 979 பூனைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். காட்டு உறவுகள் ஐந்து கிளைகளாகப் பிரிந்தன: ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, மத்திய ஆசியா, சீனாவின் மலைப்பகுதி, மேற்காசியா. வீட்டுப் பூனைகள் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் மேற்காசியக் கிளையோடுதான் சேர்ந்தன. 'ஃபெலிஸ் லிபிக்கா' என்று அறியப்படும் அந்தக் காட்டுப் பூனை, நம் ஊர்க் கரும்புத் தோட்டத்திலும் ஏரிக்கரைப் புதரிலும் காணும் காட்டுப்பூனை அல்ல. நம்முடையது 'ஃபெலிஸ் சாவுஸ்', வேறு இனம்.

வீட்டுப் பூனைகளில் ஐந்து தாய்வழி மரபுகள் இருப்பதையும் இந்த ஆய்வு காட்டியது. ஒரே தாயின் வழித்தோன்றல்களாக அவை தோன்றவில்லை; பல பெண் பூனைகள் வெவ்வேறு காலத்தில் மனிதரோடு சேர்ந்திருக்கின்றன. உழவு தோன்றிய மேற்காசிய வளப்பகுதியில் தானியக் குதிர்கள் வந்தன, எலிகள் வந்தன, அவற்றைத் தேடிப் பூனைகள் வந்தன என்ற விளக்கம் அன்றிலிருந்து பாடப்புத்தக விளக்கமானது.

சைப்ரஸ் தீவின் குழி

இந்த விளக்கத்துக்குத் துணைநின்ற சான்று சைப்ரஸில் சிலூரோகாம்போஸ் என்ற கற்காலக் குடியிருப்பில் கிடைத்தது. ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு மனிதரைப் புதைத்திருக்கிறார்கள். மெருகிட்ட கற்கள், கற்கோடரிகள், காவிக்கல் என அந்தப் புதைகுழியில் மற்றவர்களுக்கு இல்லாத படையல்கள். அங்கிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு குழியில் பூனை ஒன்று முழுசாகப் படுத்திருந்தது. வயது எட்டு மாதம் இருக்கும். எலும்பில் வெட்டுக் காயம் எதுவும் இல்லை, இறைச்சிக்காகக் கொல்லப்படவில்லை. ஜான்-டெனி வின்யும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் இதை வெளியிட்டார்கள்.

சைப்ரஸில் இயற்கையாகப் பூனை கிடையாது. கடல் கடந்து யாரோ படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்க வேண்டும். மனிதரோடு பழகி வாழ்ந்த பூனை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று இல்லை. ஆனால் ஒரு பூனை பழகியது என்பதும், அந்த இனமே தலைமுறை தலைமுறையாக வீட்டு விலங்கானது என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் பூனையின் வரலாற்றில் பிற்பாடு பெரிய திருத்தம் தேவைப்பட்டது.

எகிப்தில் பூனைக்கு வேறு வகைச் சான்றுகள் மிகுதி. ஹீராகொன்போலிஸில் கிட்டத்தட்ட 5,700 ஆண்டுகளுக்கு முன் சிறிய பூனைகளைப் புதைத்திருக்கிறார்கள். 'புதிய அரசு' எனப்படும் காலத்தின் கல்லறை ஓவியங்களில் பூனை நாற்காலியடியில் உட்கார்ந்திருக்கிறது. புபாஸ்டிஸ் நகரில் பாஸ்டெட் தெய்வத்துக்கு நேர்ந்து பதப்படுத்திப் புதைத்த பூனைகள் எண்ணிலடங்கா. எகிப்தில் இப்படிப் புதைத்த பூனைகள் பலவற்றுக்கு நேர்ந்த கதியை நினைத்தால் மனம் வலிக்கிறது: 1890இல் ஏறத்தாழ 1,80,000 பூனைச் சடலங்கள் கப்பலில் லிவர்பூலுக்குப் போய் வயலுக்கு உரமாக ஏலம் விடப்பட்டன. இன்றைய ஆய்வுக்கூடங்களில் ஒரு பல்லின் துணுக்கே வம்சாவளியைச் சொல்லும் நிலையில், அந்த இழப்பின் அளவு நமக்குத்தான் புரியும்.

தாய்வழி சொன்ன கதை

பழைய எலும்பிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கும் நுட்பம் வளர்ந்தபின், கிளாடியோ ஒட்டோனி, எவா-மரியா கைகல், விம் வான் நீர் முதலானோர் 2017இல் 209 தொல்பூனைகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வெளியிட்டார்கள். ஒவ்வொரு உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான நகல்கள் இருப்பதால், சிதைந்த எலும்பிலும் அது தப்பிப் பிழைக்கிறது. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது.

அந்த ஆய்வு இரண்டு அலைகளைக் காட்டியது. இன்றைய துருக்கியிலுள்ள அனதோலியாவைச் சேர்ந்த ஒரு தாய்வழி மரபு கி.மு. 4400 வாக்கிலேயே தென்கிழக்கு ஐரோப்பாவில் இருந்தது; உழவரோடு வந்தது என்று கொண்டார்கள். எகிப்தில் மிகுந்திருந்த மற்றொரு மரபு கிரேக்க, ரோமக் காலத்தில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பரவியது. கி.பி. 7ஆம் நூற்றாண்டளவில் பால்டிக் கடற்கரையில் ரால்ஸ்வீக் என்ற வைக்கிங் துறைமுகத்துக்கும், இடைக்காலத்தில் ஈரானின் சிராஃப் துறைமுகத்துக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. கயிறும் பாயும் மூட்டையும் நிறைந்த கப்பலில் எலியை அடக்கப் பூனை தேவைப்பட்டதே இதன் விளக்கம். சுழிக் கோட்டு மரபணு 14ஆம் நூற்றாண்டின் ஓட்டோமான் பகுதியில்தான் முதலில் தென்பட்டது என்பதையும் இதே ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய பூனைகள் எல்லாம் காட்டு மூதாதையைப் போல மெல்லிய வரிகள் கொண்டவை. அப்படியானால், மனிதர் நிறம் பார்த்துப் பூனையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான்.

திருத்தி எழுதிய பக்கம்

தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று கைமாறும் நகையைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் பெண்வழி தெரியும். மற்ற உறவுகள் அனைத்தும் மறைந்தே இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வரம்பும் அதுவே. உட்கருவின் 38 குரோமோசோம்களையும் படிக்கும்போதுதான் தாயும் தந்தையுமாக ஆயிரக்கணக்கான முன்னோர் வெளிப்படுகிறார்கள்.

ஒட்டோனியின் குழு அந்த அடுத்த படியையும் தானே எடுத்தது. 2025 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரையில் 70 தொல்பூனைகளின் முழு மரபணுத்தொகைகளை இன்றைய காட்டுப் பூனைகளின் மரபணுத்தொகைகளோடு ஒப்பிட்டார்கள். அனதோலியாவிலும் தென்கிழக்கு ஐரோப்பாவிலும் உழவர் கொண்டுவந்தவை என்று கருதப்பட்ட பழைய பூனைகள், உட்கருவைப் படித்தபோது ஐரோப்பியக் காட்டுப் பூனைகளாகவே தெரிந்தன. இரு காட்டு இனங்களின் எல்லைகள் சந்தித்த இடத்தில் தொன்றுதொட்டு நடந்த கலப்பால் மேற்காசியத் தாய்வழி அவற்றுக்குள் வந்திருக்கிறது. மனிதர் கொண்டுவந்ததாக அதை எண்ண வேண்டியதில்லை.

உண்மையான வீட்டுப் பூனையின் மரபணுத்தொகை ஐரோப்பாவில் தென்படுவது சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதன் மிக நெருங்கிய காட்டு உறவுகள் வட ஆப்பிரிக்காவில், குறிப்பாக துனீசியாவில் இருக்கின்றன. அதற்கும் சற்று முன்பு சார்டினியாத் தீவுக்கு வடமேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வேறொரு பூனைக் கூட்டத்தை மனிதர் கொண்டுபோனார்கள். அதன் சந்ததி இன்றும் அங்கே காட்டில் வாழ்கிறது. ஆக, உழவரோடு ஐரோப்பாவுக்கு நடந்துவந்த பூனை என்ற சித்திரம் கலைந்தது. ரோமப் பேரரசு விரிந்த காலத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்த பூனை அந்த இடத்தைப் பிடித்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் எழுதியதைத் தாங்களே கூடுதல் சான்றோடு திருத்திய இந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன். தாய்வழி டி.என்.ஏ. சொன்னது பொய் இல்லை. அதைக் கொண்டு இடம்பெயர்வைக் கணித்ததுதான் எல்லை மீறியது. மனிதர், மாடு, நெல் என எந்த வரலாற்றை ஒற்றை மரபுவழியைக் கொண்டு எழுதினாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

சீனத்தில் இரண்டு பூனைகள்

வேறொரு பூனை இனமே மனிதரை நெருங்கிய கதை சீனாவில் இருக்கிறது. ஷான்ஷி மாகாணத்தில் சுவான்ஹுசுன் என்ற ஊரில் 5,300 ஆண்டுப் பழமையான பூனை எலும்புகள் கிடைத்தன. அவற்றின் வேதியியல், தினை தின்ற எலிகளைப் பூனைகள் தின்றதைக் காட்டியது. வீட்டுப் பூனை சீனாவுக்கு இவ்வளவு முன்பே வந்துவிட்டதா என்று 2014இல் வியப்பு எழுந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தாடையின் வடிவத்தை நுணுக்கமாக அளந்தபோது, அவை ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனைகள் என்று தெளிவானது.

பீக்கிங் பல்கலைக்கழகத்தின் லுவோ ஷுஜின் குழு 2025இல் 14 இடங்களைச் சேர்ந்த 22 எலும்புகளின் டி.என்.ஏ.வைப் படித்து இதை முழுமையாக்கியது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் சீனக் குடியிருப்புகளின் ஓரத்தில் எலி பிடித்து வாழ்ந்தது சிறுத்தைப் பூனைதான். கி.பி. 150 வாக்கில், ஹான் அரசு சரியும் காலத்தோடு அது குடியிருப்புகளிலிருந்து மறைகிறது. வீட்டுப் பூனை வருவது கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தாங் காலத்தில், மேற்கிலிருந்து பட்டுப்பாதை வழியாக. ஏறக்குறைய அதே காலத்தில் இன்றைய கஜகஸ்தானின் ஜான்கென்ட் நகரிலும் ஒரு வீட்டுப் பூனை வாழ்ந்து மடிந்ததை 2020இல் வந்த வேறோர் ஆய்வு காட்டுகிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பக்கத்தில் வாழ்ந்தும் சிறுத்தைப் பூனை வீட்டு விலங்காகவில்லை. குதிரும் எலியும் இருந்தால் பூனை தானாக வீட்டு விலங்காகிவிடும் என்ற எளிய விளக்கம் இங்கே தடுமாறுகிறது.

செங்கடல் துறைமுகத்தில்

தமிழ் வாசகர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் எகிப்தின் செங்கடற்கரையில் இருக்கும் பெரெனிகே. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய மரக்கலங்கள் போய்ச் சேர்ந்த துறைமுகங்களுள் ஒன்று அது. இந்தியாவில் செய்த பெரிய சாடி ஒன்றில் 7 கிலோவுக்கு மேல் மிளகு அங்கே அகழாய்வில் கிடைத்தது. தமிழ்-பிராமி பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கிறது.

அந்த ஊரின் குப்பைமேட்டுக்கு அடியில் கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு விலங்கு இடுகாட்டை மார்த்தா ஒசிபின்ஸ்கா தலைமையிலான போலந்து ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். 500க்கும் மேற்பட்ட விலங்குகள்; பத்தில் ஒன்பது பூனைகள். பதப்படுத்தவில்லை, தெய்வத்துக்குப் பலியிட்ட அடையாளமும் இல்லை. சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையும் மணிகளும் இருந்தன. பல்லுதிர்ந்த கிழ விலங்குகளும் அங்கே இருந்தன. யாரோ ஊட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன குரங்குகளும் அவற்றோடு புதைக்கப்பட்டிருக்கின்றன.

2017இன் தாய்வழி ஆய்வு இதே துறைமுகத்தில், மத்திய ஆசியக் கிளையான ஆசியக் காட்டுப் பூனையின் மரபையும் கண்டது. அந்தக் கிளையின் முக்கிய இந்திய வாழிடம் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனமும் குஜராத்தின் கட்ச்சும். இந்தியப் பெருங்கடல் வணிகம் மிளகையும் முத்தையும் மட்டும் சுமக்கவில்லை என்பதற்கு இது சான்று. பூனைகள் இந்த வழியில் இரு திசையிலும் போய்வந்திருக்கக் கூடும் என்று கருத நல்ல காரணம் இருக்கிறது.

உயர்சாதிப் பூனையும் தெருப் பூனையும்

இன்றைய பூனைகளின் மரபணுவைப் பரவலாகப் படித்தவர் லெஸ்லி லயன்ஸ். கலிஃபோர்னியாவின் டேவிஸிலும் பின்னர் மிசூரியிலும் இருந்து அவர் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை ஒப்பிட்டது. 2008இல் வெளிவந்த ஆய்வில் தெருப் பூனைகள் ஐரோப்பா, மத்தியதரைக் கடற்பகுதி, கிழக்கு ஆப்பிரிக்கா, ஆசியா என்று நான்கு பெருங்கூட்டங்களாக அமைந்தன. பாரசீகப் பூனை என்று விலை வைத்து விற்கப்படுவது மரபணுவில் மேற்கு ஐரோப்பியப் பூனையாக இருந்தது. சயாமியப் பூனையும் பர்மியப் பூனையும் தென்கிழக்காசியத் தெருப் பூனைகளின் உறவாகவே நின்றன.

இந்த ஒப்பீட்டுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. சந்தையில் விற்கும் பெரும்பாலான பூனை இனங்கள் கடந்த 150 ஆண்டுகளில், சில மூதாதைகளை மட்டும் வைத்து உருவாக்கப்பட்டவை. நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் நடந்ததால் நோய்களும் நிலைத்துவிட்டன. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளர்ந்து பூனையைக் கொல்லும் நோய் பாரசீகப் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் காணப்பட்டது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை லயன்ஸ் குழு 2004இல் கண்டறிந்தபின், பரிசோதித்துப் பார்த்து இணைசேர்க்கும் வழி பிறந்தது. கலப்பு மிகுந்த தெருப் பூனைகளிடம் இப்படிப்பட்ட நோய்கள் குவிவது குறைவு. பூனை வளர்க்க விரும்புகிறவர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காட்டு உறவுகளின் கதி

மனிதரோடு சென்ற வீட்டுப் பூனை, போன இடத்துக் காட்டுப் பூனைகளோடு கலக்கவும் முடியும். ஆனால் ஐரோப்பாவில் இரண்டும் 2,000 ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் கலப்பு மிகக் குறைவாகவே நடந்தது என்று 2023இல் வந்த தொல்மரபணு ஆய்வு காட்டியது. வாழிடமும் வாழ்முறையும் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தன. ஸ்காட்லாந்தில் அந்த வேலி 1950களுக்குப் பின் உடைந்தது. காட்டுப் பூனைகள் மிகச் சிறு எண்ணிக்கைக்குக் குறைந்து துணை கிடைக்காமல் போனபோது வீட்டுப் பூனைகளோடு கலந்தன. இன்று அங்கே காட்டில் திரியும் பூனைகளில் கலப்பில்லாதது அரிது. அடைப்பில் வளர்த்த 19 பூனைகளை 2023இல் கேர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விட்டு இனத்தை மீட்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது.

தார்ப் பாலைவனத்தில் வாழும் நம் ஆசியக் காட்டுப் பூனைக்கும் இதே ஆபத்து உண்டு. ஊர்கள் பெருகி வீட்டுப் பூனைகள் உள்ளே போகப் போக, அதன் தனி மரபு கரைந்துபோகும்.

நம் மண்ணில் செய்ய வேண்டியது

பழைய எலும்புகளிலிருந்து இதுவரை எழுதிய வரலாறு ஐரோப்பா, அனதோலியா, வட ஆப்பிரிக்கா, மேற்காசியா, சீனா ஆகியவற்றைச் சுற்றியே நிற்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்தில் டி.என்.ஏ. விரைவில் சிதைவது ஒரு காரணம். ஆனாலும் மண்டையோட்டின் காதருகே உள்ள கெட்டி எலும்பிலும் பல்லிலும் அது தப்பக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சங்க இலக்கியத்தில் வீட்டுக் கோழிக்காக மாலைநேரத்தில் வேலியோரம் பதுங்கும் வெருகு இருக்கிறது. குறுந்தொகையின் 139ஆம் பாடல் அதைக் காட்டுகிறது. அது வேட்டையாடும் காட்டுப் பூனை. அதே காலத்தில்தான் பெரெனிகேயில் கழுத்துப் பட்டை அணிந்த பூனைகள் அடக்கம் செய்யப்பட்டன. அந்தத் துறைமுகத்துக்கும் நம் கரைக்கும் இடையே ஆண்டுதோறும் மரக்கலங்கள் போய்வந்திருக்கின்றன. அரிக்கமேட்டிலும் கேரளத்தின் பட்டணத்திலும் கொற்கையிலும் கீழடியிலும் தோண்டும்போது மாடு, ஆடு எலும்புகளோடு விரல் நீளமேயுள்ள சிறு விலங்குகளின் எலும்புகளும் வெளிவரும். அவற்றைச் சலித்தெடுத்து, அடுக்கு எண்ணிட்டு, கைபடாமல் உறையிலிட்டுப் பாதுகாக்க வேண்டும். எலியின் எலும்பும் அவ்வளவு முக்கியம். பூனை எந்தக் கப்பலில் வந்தது என்பதற்கு எலி எந்தக் கப்பலில் வந்தது என்பதும் ஒரு சான்று.

அதோடு, இன்று நம் துறைமுக ஊர்களில் வாழும் தெருப் பூனைகளின் மரபணுவை முறையாகச் சேகரித்தால், அரபுக் கடல், வங்கக் கடல் வழிகளின் பழைய போக்குவரத்தைக் கணிக்கலாம். கருத்தடை சிகிச்சைக்குக் கொண்டுவரப்படும் பூனைகளிடமிருந்து எடுக்கும் சில துளி இரத்தமே இதற்குப் போதும். தொல்லியலாளரும் கால்நடை மருத்துவரும் மரபியலாளரும் ஒன்றுசேர்ந்தால் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. வட ஆப்பிரிக்காவில் தொடங்கிய பூனையின் பயணத்தில் தென்னிந்தியக் கரை வகித்த இடத்தை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.